இருமல் என்றாலே காய்ச்சல் வார்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுத்த பெருந்தொற்றுக்கு மருத்துவமனைகள் எப்படித் தயாராக வேண்டும் என்று நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படுக்கை, ஆக்சிஜன், தடுப்பூசி எல்லாம் இருந்தன. நுரையீரல் புற்றுநோயாளிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொரோனா காலத்தில், நுரையீரல் புற்றுநோய் இருந்த என் அக்காவுக்குக் கூடவே இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அக்காவுக்கு இருமல் அன்றாடம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். 2020இல் கீமோவுக்குப் போனபோது வாசலிலேயே கேட்டார்கள்: "இருமல் இருக்கா, மூச்சுத்திணறல் இருக்கா?" இரண்டுக்கும் ஆமாம் என்றதும் காய்ச்சல் வார்டுப் பக்கம் கை காட்டிவிட்டார்கள். வீட்டில் யாரையும் அண்ட விடாமல் பொத்திப் பொத்திப் பார்த்தவரை, தொற்று இருக்குமோ என்று காத்திருந்தவர்கள் நடுவே உட்கார வைக்க வேண்டியதாயிற்று. வாசலில் நின்ற ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த தாளில் அப்படித்தான் போட்டிருந்தது.

ஸ்கேன் எடுத்தாலும் சட்டென்று தெளிவாகிவிடாது. கொரோனாவில் நுரையீரலில் தெரியும் மங்கலான வெண்திட்டுகள், கதிர்வீச்சுக்குப் பின் வரும் அழற்சியிலும், உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்தின் பக்கவிளைவிலும் ஏறக்குறைய அப்படியே தெரியலாம். பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்.

அப்புறம் அக்காவின் மருத்துவர் ஒரு தாள் எழுதித் தந்தார். வழக்கமான இருமல் எப்படி இருக்கும், சாதாரணமாகவே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 93 சதவீதம்தான், கடைசி ஸ்கேனில் என்ன இருந்தது, கடைசி கீமோ என்றைக்கு, யாரைக் கூப்பிட வேண்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆக்சிமீட்டரோடு பையில் வைத்துக்கொண்டேன். அதைக் காட்டிய பிறகு வாசலில் பேச்சே மாறிவிட்டது. நோயாளி ஒவ்வொருவர் கையிலும் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

காய்ச்சல் விஷயம் இதைவிட முக்கியம். கீமோ முடிந்த ஒன்றிரண்டு வாரத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், அப்போது 100.4 டிகிரி தொட்டாலே உடனே ஓட வேண்டும். மருத்துவமனைக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. டெராவோல்ட் என்ற பன்னாட்டுப் பதிவேட்டின் 2020 முதல் அறிக்கையில், கொரோனா வந்த, நுரையீரல் உள்ளிட்ட நெஞ்சுக்கூட்டுப் புற்றுநோயாளிகள் 200 பேரில் 66 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலோர் நுரையீரல் புற்றுநோயாளிகள்.

எந்நேரமும் எடுக்கிற ஒரு தொலைபேசி எண், காய்ச்சல் வார்டைத் தொடாமல் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகும் ஒரு தனி வழி, உடனிருந்து கவனிப்பவருக்கும் முதல் சுற்றிலேயே தடுப்பூசி. தயாரிப்புத் திட்டங்களில் இவற்றையும் இப்போதே எழுதிச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்