ஒரே 1.1, இரண்டு ஆட்கள்

கயல் கண்ணுக்கு,

நேற்று போனில் ஆர்.எஃப்.டி. (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) அளவுகளை மளமளவென்று ஒப்பித்தாய். ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. முப்பது வருஷம் லேபில் ரத்தம் பார்த்தவன், சிலதைச் சொல்லாமல் விடக் கூடாது.

கிரியாட்டினின் 0.6 முதல் 1.2 வரை நார்மல் என்றாய். சரி. ஆனால் அது தசையிலிருந்து வருகிற கழிவு. 25 வயதுப் பையனுக்கு 1.1 என்றால் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் கணிப்பு) 95 பக்கம் வரும். 70 வயதுப் பாட்டிக்கும் அதே 1.1 என்று வை; வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021 சி.கே.டி.-இ.பி.ஐ. ஃபார்முலாவில் போட்டுப் பார், 54தான். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ரிப்போர்ட்டிலோ அந்த 1.1 நார்மல் என்றே இருக்கும். எலும்பும் தோலுமாகப் படுத்திருப்பவரிடம் இந்தக் கணக்கும் ஏமாற்றும், அவரிடம் தசையே இல்லையே.

உன் அமெரிக்கப் புத்தகத்தில் பி.யூ.என். (ரத்த யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்) 7 முதல் 20 என்று இருக்கும். நம் ஊர் லேபுகள் பெரும்பாலும் யூரியா என்றே தரும், 15 முதல் 40. பி.யூ.என்-ஐ 2.14-ஆல் பெருக்கினால் யூரியா. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஒரு நாள் ஒருவருக்குப் பொட்டாசியம் 7.9 வந்தது, உயிருக்கே ஆபத்தான அளவு. கால்சியமோ அடிமட்டத்தில். வார்டுக்குப் போன் போட்டால், ஆள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்கள். விசாரித்ததில், சிவப்பு மூடி ட்யூபில் ரத்தம் குறைகிறதென்று நர்சிங் மாணவி ஒருத்தி ஊதா மூடி ட்யூபிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறாள். ஊதாவில் இருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ.வின் பொட்டாசிய உப்பு. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தை ஏற்றிவிடும். மறுபடி எடுத்த ரத்தத்தில் 4.2. அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவளுக்கு யாருமே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அந்த 7.9-ஐ நம்பி மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். அதனால் ரத்தம் போதாவிட்டால், நோயாளியிடம் பக்குவமாகச் சொல்லி இன்னொரு முறை எடு. சிவப்பை முதலில் நிரப்பு, ஊதாவைப் பிறகு. சிரிஞ்சை வேகமாக அழுத்தி ரத்தத்தைப் பீய்ச்சாதே. அணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும்.

அப்புறம், கட்டிலில் தொங்கும், குழாய் வழியே சிறுநீர் சேரும் பை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது சேர வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி. சிறுநீரகம் திடீரென்று அடிவாங்கினால் கிரியாட்டினின் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். பையில் அளவு பெரும்பாலும் அதற்கு முன்பே குறைந்துவிடும். லேபில் உட்கார்ந்திருந்த என் கண்ணில் அது பட வழியே இல்லை. கட்டிலருகே நிற்கிற நீதான் பார்க்க வேண்டும், மணிக்கு மணி எழுத வேண்டும்.

அம்மாவுக்குப் போன வாரம் டெஸ்ட் எடுத்தோம். வயது 54, கிரியாட்டினின் 1.0. பயப்பட வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறாள். இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடமே சொல்.

அன்புடன்,
அப்பா