திரை முன் ஆட வரும் பிள்ளைக்கு ஒரு ஜோடி வேண்டும்: உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

அணி பிரிக்கும்போது கடைசிவரை நின்ற குண்டுப் பையன் நான். "சரி, நீயும் வா" என்று யாராவது அலுப்போடு கூப்பிடும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஓடும்போது மூச்சு வாங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்னால் ஓடி முடித்தவர்கள் எல்லாரும் திரும்பி நின்று பார்ப்பார்களே, அதுதான் தாங்காது. அதனாலேயே, உடம்பை அசைத்து ஆடும் வீடியோ கேம்களைப் பள்ளிக்குள் கொண்டுவர உங்களில் சிலர் யோசிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே எல்லார் கண்ணும் திரைமேல் இருக்கும்.

ஆனால் கருவியை வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நின்டெண்டோ வீ என்ற, கை கால் அசைவைக் கொண்டு ஆடும் வீடியோ கேம் கருவியைக் கொடுத்தார்கள். சிலருக்கு எழுந்து ஆடும் கேம், மற்றவர்களுக்கு உட்கார்ந்து ஆடும் கேம். இப்படி 13 வாரம். இடுப்பில் அசைவை அளக்கும் கருவி கட்டிப் பார்த்தால், இரு தரப்பின் உடலுழைப்பிலும் வித்தியாசமே இல்லை!

அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு வேறு கதை சொன்னது. எடை கூடிய 15 முதல் 19 வயதுப் பிள்ளைகள், 20 வாரம், பள்ளியிலேயே ஆட்டம். ஜோடி சேர்ந்து ஒரே இலக்குக்காக ஆடியவர்கள் சராசரியாக 1.65 கிலோ குறைந்தார்கள். ஒருவரை ஒருவர் ஜெயிக்க ஆடியவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. மொத்தமே 54 பேர்தான், பெரிய ஆய்வு இல்லை. ஆனாலும் கடைசியாக நின்று பழகிய எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. மைதானத்தில் தோற்றவனைத் திரையிலும் தோற்கவைத்தால் அவன் எதற்கு மறுபடி வருவான்? கேமில் யார் எவ்வளவு புள்ளி எடுத்தார் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

இந்த ஆட்ட நேரத்தை "குண்டுப் பிள்ளைகளுக்கான பீரியட்" என்றும் ஆக்கிவிடாதீர்கள். ஒல்லியான பிள்ளைகளும் கலந்து ஆடட்டும்.

எடை பார்க்கும் கேமே வேண்டாம். வீ கருவியின் உடற்பயிற்சி கேமான வீ ஃபிட்டில், எடை பார்க்கும் பலகைமேல் ஏறி நின்றால் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) கணக்குப் போட்டு, திரையிலிருக்கும் பொம்மையையும் குண்டாக்கிக் காட்டும். வளரும் பிள்ளைக்கு பிஎம்ஐ எண்ணை வயதோடும் பாலினத்தோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வேடிக்கை பார்க்கும் வகுப்புத் தோழர்களுக்குத் தெரியுமா?

அப்புறம், கால் வேலை செய்யும் ஆட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வீ டென்னிஸை உட்கார்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டியே ஆடிவிடலாம். பிள்ளைகள் அதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அம்புக்குறிகளை மிதித்து ஆடும் நடனப் பாயில் அந்தத் தந்திரம் பலிக்காது. எப்படியானாலும் இது மைதானத்துக்கு மாற்று ஆகாது. உலக சுகாதார நிறுவனம் இந்த வயதினருக்குச் சொல்வது நாளுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடம், மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடலுழைப்பு. அதில் ஒரு பங்கு இங்கிருந்து கிடைத்தால் லாபம்தான்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். முதல் நாள் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு நீங்களும் பாயில் ஏறுங்கள். வகுப்பிலேயே யார் ஒதுங்கி நிற்கிறாரோ, அவரை உங்கள் ஜோடியாகக் கூப்பிடுங்கள். கால் தடுமாறினால் தடுமாறட்டும்.

இப்படிக்கு,
பழைய மாணவன் ஒருவன்