மகளை ஆடவிடாமல் உட்காரவைத்த உங்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

கால்பந்து மேட்ச்சில் கார்னர் கிக்குக்கு எம்பியபோது எதிரணிப் பெண்ணின் தலையும் என் மகளின் தலையும் மோதிக்கொண்டன. விழுந்தவள் உடனே எழுந்துவிட்டாள். ரத்தம் இல்லை, மயக்கமும் இல்லை. கன்கஷன் எனும் மூளை அதிர்வு வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு நினைவு தப்புவதே இல்லையாம். அது தெரிந்தவர்கள் அன்று மைதானத்தில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

கோல்கீப்பர் கண்ணு, முதல் நன்றி உனக்குத்தான். "எத்தனைக்கு எத்தனை?" என்று அவள் கேட்டாள், நீ சொன்னாய். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டாள். சிரித்துவிட்டு விடாமல் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாயே, அது பெரிய காரியம்மா. தோழியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொள்கிற வயசு உனக்கு. உடனே விசிலடித்த நடுவருக்கும் நன்றி.

கோச் சார், "வலிக்குதா?" என்று கேட்டதோடு நீங்கள் நிறுத்தவில்லை. இது எந்தப் பாதி, கடைசி கோல் யார் போட்டது, போன மேட்ச்சில் ஜெயித்தோமா என்று கேட்டீர்கள். தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னீர்கள். டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று வந்து, ஆகஸ்டுக்குத் தாவி, திரும்பவும் அக்டோபர் என்றாள். "போதும்மா, ஷூவைக் கழட்டு" என்றீர்கள். "பிள்ளை நல்லாத்தானே நிக்குது, இறக்குங்க சார்" என்று கேலரியிலிருந்து கத்தியவர்களை நான் குறை சொல்லவில்லை. நின்றாள்தான். ஆனால் மூளை தேறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அரிதாகத்தான் என்றாலும், உயிருக்கே ஆபத்து. அதோடு எதிரணிப் பக்கம் நடந்துபோய், அந்தப் பெண்ணையும் பரிசோதிக்கச் சொன்னீர்களே, அதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

இரவு போன் செய்து இன்னொன்றும் சொன்னீர்கள். 2019இல் லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் கழுத்தில் பந்து பட்ட ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித் திரும்பவும் வந்து பேட் செய்தார். மறுநாள்தான் மூளை அதிர்வின் அறிகுறி தெரிந்து, அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். அதனால் வீட்டிலும் ஒரு கண் வைத்திருங்கள் என்றீர்கள்.

டாக்டர் அம்மா, ஸ்கேன் நார்மல் என்றதும் கிளம்ப எழுந்த எங்களை உட்காரவைத்தீர்கள். சி.டி. ஸ்கேன் பார்ப்பது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். மூளை அதிர்வு அதில் தெரியாது என்று பொறுமையாக விளக்கினீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கைகால் தளர்ந்தாலோ யோசிக்காமல் ஓடிவரச் சொன்னீர்கள். முதல் இரண்டு நாள் செல்போனைக் குறைக்க வேண்டும், ஆனால் இருட்டறையில் அடைத்துப்போட வேண்டியதில்லை, மெல்ல நடக்கலாம் என்றீர்கள். அந்தக் கடைசி வார்த்தைதான் வீட்டில் சண்டையைத் தவிர்த்தது.

வகுப்பாசிரியைக்கும் நன்றி. முதலில் அரை நாள், தேர்வு கிடையாது, வெளிச்சம் கண்ணைக் கூசினால் ஜன்னலை விட்டுத் தள்ளி ஓர் இடம். பாடத்துக்குத் திரும்பிய பிறகுதான் ஆட்டம் என்பதில் நீங்களும் கோச்சும் ஒரே பேச்சாக இருந்தீர்கள்.

அப்புறம் ஆட்டத்துக்குத் திரும்புவதற்கான அந்தப் படிகள்: நடை, லேசான ஓட்டம், தலையால் முட்டாமல் பந்துப் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். ஓடும்போது தலைவலி கூடியதும், முக்கியமான மேட்ச் பக்கத்தில் இருந்தும், ஒரு படி கீழே இறக்கினீர்கள் சார். இப்போது மோதல் உள்ள பயிற்சிக்கு டாக்டர் சம்மதம் மட்டும் பாக்கி. அதுவரை கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொடுக்க அவளைச் சேர்த்துக்கொண்டதற்கும் நன்றி. வீட்டில் வைத்துச் சமாளிக்க எங்களால் ஆகாது.

அன்புடன்,
ஒரு தாய்