கோட்டு கிடைக்காத பிரவுன்லோ வீரர்கள்

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து ஆட்டத்தில் வருடா வருடம் ‘ஆல் ஆஸ்திரேலியன்’ என்று அந்த வருடத்தின் சிறந்த 22 பேரைத் தேர்வுக்குழு அறிவிக்கிறது. அந்த அணி எங்கேயும் இறங்கி ஆடப்போவதில்லை, ஆளுக்கு ஒரு கோட்டு கிடைக்கும், அவ்வளவுதான், ஆனால் அந்தக் கோட்டுக்குத்தான் அங்கே அத்தனை மரியாதை. சரி, 2014-ல் வெஸ்ட் கோஸ்ட் கிளப்பின் மேட் பிரிடிஸ் அதில் இல்லை. ஆனால் அதே வருடம் 26 ஓட்டுடன், சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் அவர் கழுத்தில் விழுந்தது! ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஓட்டுப் போடுபவர்கள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த நடுவர்கள். ஆள் குவியலுக்கு அடியில் கையை விட்டுப் பந்தைத் தோண்டி எடுத்து, குத்தித் தள்ளிவிடுகிற பிரிடிஸின் வேலை கேலரியில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த வருடம் அவருக்குக் கோட்டு கிடைத்தது, வேறு கதை.

2023-லும் இதேதான், லாக்கி நீல் 31 ஓட்டு வாங்கி ஜெயித்தார், அந்த 22-ல் பெயர் இல்லை. அவரிடமாவது பழைய கோட்டுகள் இருந்தன. 2000-ல் ஜெயித்த மெல்போர்ன் கிளப்பின் ஷேன் வோவோடினுக்குக் கடைசி வரை ஒன்றுகூட இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

— ஒரு வாசகர்