ஜப்பானியப் பிள்ளைகள் வந்துபோன வியாழக்கிழமை

மதிப்புமிகு பெற்றோருக்கு வணக்கம்.

வியாழக்கிழமைக்குப் பிறகு ஐந்தாறு வீடுகளிலிருந்து ஒரே கேள்வி வந்துவிட்டது. பிள்ளை தட்டின் முன்னால் உட்கார்ந்து கைகூப்பி என்னமோ முணுமுணுக்கிறான், அதைச் சொல்லாமல் சோற்றில் கைவைக்க மாட்டேன் என்கிறான், இது என்ன புதுப் பழக்கம்? பயப்பட ஒன்றுமில்லை. அந்தச் சொல் 'இத்தாதாகிமாஸ்'. ஜப்பானில் சாப்பிடுமுன் சொல்வது. 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்று பொருள். சமைத்தவர், விளைவித்தவர், உயிர்விட்ட மீன் என எல்லாருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. சாப்பிட்டு முடித்ததும் சொல்வதற்கு 'கோச்சிசோசாமா' என்று இன்னொன்று உண்டு. அதை நம் பிள்ளைகள் வீட்டில் சொல்வதாக யாரும் புகார் செய்யவில்லை. தட்டைக் கழுவ வேண்டிய நேரம் அது என்பதால் இருக்கலாம்.

அன்று பள்ளிக்கு வர முடியாத பெற்றோருக்காகவும், வந்தும் சிற்றுண்டிச்சாலையைவிட்டு நகர நேரமில்லாமல் போன அம்மாமார்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

வந்தவர்கள் 38 மாணவர்கள், 3 ஆசிரியர்கள். ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில் உள்ள கித்தாகியூஷு நகரின் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிப்பவர்கள். 16, 17 வயது. அங்கே பள்ளிப் பருவம் முடிவதற்குள் ஆசிரியர்களோடு பல நாள் வெளியூர்ப் பயணம் போவது பாடத்திட்டத்தோடு ஒட்டிய வழக்கம். 'ஷூகாகு ரியோகோ' என்பார்கள். 1886இல் தோக்கியோவில் ஆசிரியர் பயிற்சி பெற்ற மாணவர்கள் போன நீண்ட நடைப்பயணத்திலிருந்து இது தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். இப்போது விமானம் ஏறி சிங்கப்பூருக்கும் நம் மலேசியாவுக்கும்கூட வருகிறார்கள். கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம், ஒரு நாள் கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டில், ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளியில். அந்த ஒரு நாள்தான் இந்த முறை நமக்குக் கிடைத்தது. பெரிய இடைநிலைப்பள்ளிகளை விட்டுவிட்டு பேராக்கில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை ஏன் கேட்டார்கள் என்று அவர்களின் ஆசிரியரிடமே கேட்டேன். ஒரே நாட்டில் பிள்ளைகள் மூன்று மொழிகளில் தொடக்கப்பள்ளி படிக்கிறார்கள் என்பதை மாணவர்கள் நம்பவில்லையாம். காட்ட அழைத்து வந்தாராம்.

தொடக்கமே சொதப்பல். செம்பனைக் காட்டு வளைவில் பேருந்து திரும்பவில்லை. விருந்தினர் எல்லாரும் இறங்கி அரை மைல் நடந்து வந்தார்கள். வாசலில் உருமி மேளம் அடிக்க நின்ற நம் பையன்கள், பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்ததால், விருந்தினர் முதுகுப்பக்கமாக வந்து சேர்ந்த பிறகுதான் அடிக்கத் தொடங்கினார்கள். வகுப்பு வாசலில் வந்ததும் 38 பேரும் காலணியைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்து வெள்ளைக் காலணி ஒரு ஜோடி எடுத்தார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் கட்டடத்துக்குள் போட்டுக்கொள்வதற்கென்றே இருக்கும் 'உவாபாகி' அது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சப்பாத்து விற்க வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, என்ன விலை என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

பேச்சுக்கு என்ன வழி என்பதுதான் எனக்கு இருந்த பெரிய கவலை. வந்தவர்களும் நம் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் சமமாகத் தடுமாறியதால் அந்தக் கவலை தானாகவே தீர்ந்துபோனது. யாருக்கும் யாரிடமும் கூச்சம் இல்லை.

நான்காம் ஆண்டு வகுப்பில் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விருந்தினரில் ஒரு பெண் கரும்பலகையில் ஜப்பானிய எழுத்து வரிசையை எழுதி, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். அ, இ, உ, எ, ஒ. வகுப்பே சிரித்தது. நம் குறில்கள், அதே வரிசையில். அடுத்து க, கி, கு, கெ, கொ. அதற்குமேல் அவளை யாரும் வாசிக்க விடவில்லை, பிள்ளைகளே கத்தத் தொடங்கிவிட்டார்கள். ஜப்பானிய வரிசைகளின் முதலெழுத்துகள் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் மெய்யெழுத்து வரிசையில் அவர்களிடம் இல்லாதவற்றை எடுத்துவிட்டுப் பாருங்கள், க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. அந்த 'ஹ'கூடப் பழைய ஜப்பானிய மொழியில் 'ப' என்றே ஒலித்தது என்கிறார்கள் மொழியறிஞர்கள். இது தற்செயல் அல்ல. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருதம் கற்றபோது இந்திய எழுத்து வரிசையும் அவர்களோடு ஜப்பான் போய்ச் சேர்ந்தது. ஒலி பிறக்கும் இடத்தைப் பார்த்து, தொண்டையிலிருந்து உதடு நோக்கி அடுக்கிய வரிசை அது.

இதை வைத்துக்கொண்டு, ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) யாரும் அனுப்பாதீர்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது இரண்டும் நம்மைப் போலவே. 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் அந்தப் பெண் ஜப்பானிய மொழியில் சொன்னாள். ஆங்கில வாக்கியத்தில் எது முன், எது பின் என்று தினமும் என்னோடு மல்லுக்கட்டும் ஒரு பையன், "சார், இது ஈசியா இருக்கு, இதையே படிச்சிருவமா?" என்று கேட்டான்.

திடலில் அவர்கள் 'சோரான் புஷி' ஆடினார்கள். வடக்கே ஹொக்கைடோ தீவில் மீனவர்கள் வலை இழுத்த பாட்டு, இன்று ஜப்பானியப் பள்ளி விளையாட்டு விழாக்களில் பிள்ளைகள் ஆடும் ஆட்டம். குனிந்து, முழங்காலை மடக்கி, வலையை இழுப்பதுபோல் இழுத்து, நடுவில் 'தொக்கொய்ஷோ' என்று ஒரு சத்தம். பாரம் தூக்கும்போது அங்கே சொல்வது, நம் 'ஐலசா' மாதிரி. நம் பிள்ளைகளின் கோலாட்டமும் நன்றாகவே இருந்தது. இருந்தாலும் திங்கள்கிழமை ஓய்வு நேரத்தில் திடல் முழுக்க தொக்கொய்ஷோதான்.

சாப்பாட்டைப் பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்து அம்மாமார்களுக்குத் தனியாகவே நன்றி சொல்லியிருக்கிறேன். சாம்பாரில் காரத்தைக் குறைத்ததாக நீங்கள் சொன்னீர்கள். அது நம் கணக்கு. மூன்று பேருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆனாலும் மறுபடி வாங்கினார்கள். அவர்களுக்குக் கறி புதிதில்லை. பள்ளிச் சாப்பாட்டிலேயே 'கரே ரைசு' வரும், கெட்டியாக, இனிப்பாக. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வழியாகப் போனது, கடற்படைச் சமையலில் ஏறி ஊரெல்லாம் பரவியது. நம் குழம்பு லண்டன் சுற்றி ஜப்பான் போய், சர்க்கரை போட்டுக்கொண்டு நிற்கிறது.

சாப்பிட்டதும் விளக்குமாறும் துணியும் கேட்டார்கள். அங்கே தினமும் மாணவர்களே வகுப்பறையைக் கூட்டித் துடைப்பது வழக்கம். நம் துப்புரவு அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "என் வேலைய இவங்க புடுங்கிட்டா நான் எங்க போறது?" என்றார். அவர்கள் துடைக்கும் படத்தை வைத்து, 'பார், ஜப்பான் பிள்ளைகளை, நீயும் இருக்கிறாயே' என்று வீட்டில் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்படுகிறேன். வேண்டாம். நம் பிள்ளைகளும் கடமை அட்டவணைப்படி கூட்டுகிறவர்கள்தான். தவிரவும், எல்லாரும் துடைத்துக்கொண்டிருந்தபோது விருந்தினரில் இருவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர்களுக்குக் காவல் நின்றது நம் ஐந்தாம் ஆண்டுப் பையன்.

இப்போது அந்த இன்னொரு காரணம்.

இந்த வருகையை அறிவித்த வாரத்தில் ஒரு தாத்தா என் அலுவலகத்துக்கு வந்தார். எண்பதைத் தாண்டியவர். அவர் தாயின் வயிற்றில் இருந்தபோது, போர்க்காலத்தில், ரயில் பாதை போட அப்பாவை ஜப்பானியர் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) கொண்டுபோனார்கள். "எங்கப்பாவுக்கு யாரும் மாலை போடல. நீங்க அவனுங்களுக்கு மாலை போட்டு வரவேற்கிறீங்க" என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வருகிறவர்கள் 16 வயதுப் பிள்ளைகள், அவர்களின் தாத்தா பாட்டிகளே அப்போது பிறந்திருக்க மாட்டார்கள் என்றேன். "எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் போன பிறகு நான் உங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் ஆறாவது குறிப்பைச் சேர்த்தேன். 'போர்க்காலம் பற்றி மாணவர்கள் விருந்தினரிடம் பேச வேண்டாம்.' விருந்தினர் மனம் நோகக் கூடாது என்று காரணம் எழுதியிருந்தேன். உண்மையான காரணம் அது பாதிதான். கல்வி அலுவலகத்து அதிகாரி வருகிறார், நாள் நல்லபடியாகக் கழிய வேண்டும் என்பது மீதி.

நூலகத்தில் நம் தோட்டத்து மூலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரப்பர்ப் பால்வெட்டும் உளி, பால் பிடிக்கும் மங்கு, வாளி, பழைய சம்பளச் சீட்டுகள். அவற்றோடு போரில் ஜப்பான் மலாயாவை ஆண்ட காலத்துப் பத்து வெள்ளி வாழைமர நோட்டு ஒன்றும் கண்ணாடிக்குள் இருக்கிறது. மூலையை விளக்கும் பொறுப்பு ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு. நோட்டைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நோட்டை எடுத்துவைக்க மட்டும் மறந்துவிட்டேன். உளிக்கும் மங்குக்கும் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தை அவள் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் குனிந்து நோட்டில் இருந்த தன் நாட்டு எழுத்தைப் படித்துவிட்டு, இது இங்கே எப்படி வந்தது என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் அதிகாரியைப் பார்த்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், நான்கு துண்டுகளாக. பாட்டியோட அப்பா. சயாம் போனார். ரயில் போட்டார். திரும்பி வரலை.

அந்தப் பையன் அவருடைய பெயரைக் கேட்டான்.

முனியாண்டி என்றாள். பயணத்துக்கென்று அவர்கள் வைத்திருந்த சிறு கையேட்டில் அதை ஜப்பானிய எழுத்தில் எழுதினான். 'ண்டி' அவனுக்கு வரவில்லை. மூன்று முறை சொல்லச்சொல்லிக் கேட்டு, திருத்தி எழுதி, வாசித்துக் காட்டினான். அவள் சரி என்ற பிறகுதான் கையேட்டை மூடினான். வயது என்ன என்று கேட்டான், அவளுக்குத் தெரியவில்லை.

தேநீர் நேரத்தில் அவர்களின் ஆசிரியர் என்னிடம் வந்தார். மாணவன் அவரிடம் சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த ரயில் பாதை, தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பல்லாயிரம். வாந்திபேதி, மலேரியா, பசி, அடி. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்கு வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களுக்குப் பெயர் பொறித்த அப்படி ஒரு வரிசை இல்லை. அவர் குறித்துக்கொண்டார். பள்ளியில் இதைப் படித்த நினைவு தனக்கு இல்லை என்றார். அவர்கள் நகரின் ஒரு பகுதியான கொகுராதான் 1945 ஆகஸ்ட் 9இல் இரண்டாவது அணுகுண்டுக்கு முதல் இலக்கு, குறி தெரியாதபடி வானம் மூடியிருந்ததால் விமானம் நாகசாகிக்குப் போனது, அந்தக் கதையைக் கேட்டே தாங்கள் வளர்ந்தோம் என்றார். இதையும் அதையும் அவர் தராசில் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. தேநீர் ஆறிவிட்டது.

ஆறாவது குறிப்பு தவறு. அதை எழுதியவன் நான், திரும்பப் பெறுகிறேன். அந்த மாணவியைக் கண்டிக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அவள் பாட்டியிடமும் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அலுவலகத்துக்கு வந்த தாத்தா அன்று வரவில்லை. அவர் மனம் மாற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பேரனை மட்டும் அனுப்பியிருந்தார், வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு.

முனியாண்டியின் வயது நமக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆசிரியர்கள் விசாரித்ததில் இதுவரை நம் பள்ளிக் குடும்பங்களிலிருந்து சயாமுக்குப் போன 11 பேரின் பெயர் கிடைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது போயிருந்தால், திரும்பி வந்திருந்தாலும் வராவிட்டாலும், பெயரையும் எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பதையும் ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பெயர் சரியாகத் தெரியாவிட்டால், வீட்டில் கூப்பிட்ட பெயர் போதும். படம் இருந்தால் நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். பெரியவர்கள் பேசுவதாக இருந்தால் நானே வீட்டுக்கு வருகிறேன். அவர்களை அலைக்கழிக்க வேண்டாம். வாழைமர நோட்டுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். பட்டியல் முடிந்ததும் அந்த ஆசிரியருக்கும் ஒரு படி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. விருந்தினர் முகம் தெரியும் படங்களை முகநூலிலோ புலன நிலையிலோ போட வேண்டாம் என்று அவர்கள் பள்ளி கேட்டுக்கொண்டிருக்கிறது. போட்டவர்கள் இன்றே எடுத்துவிடுங்கள். அவர்கள் கொடுத்த மிட்டாய்களில் சிலவற்றில் ஜெலட்டின் இருக்கலாம். சைவ வீடுகளில் பிரிக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது பிள்ளையிடமே அதைக் கூட்டாளிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: வெள்ளை உவாபாகி ஒன்று, இடது கால், இரண்டாம் ஆண்டு வகுப்பு வாசலில் கிடந்தது. வலது கால் யார் வீட்டிலாவது இருந்தால், விலை பேசி வாங்கியிருந்தாலும்கூட, அலுவலகத்தில் ஒப்படைக்கவும். தபாலில் அனுப்ப வேண்டும்.