மாமி கையெழுத்து வைக்க வேண்டாம்

லண்டன்
மார்கழி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இந்தமுறை காலபோக நெல் நன்றாக நிற்கிறது என்று தங்கச்சி சொன்னாள், மனதுக்கு ஆறுதலாக இருந்தது. இங்கே பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலைக்குப் போவதும் இருட்டில், திரும்பி வருவதும் இருட்டில்.

காலமான மாமாவின் லண்டன் வீட்டு விடயத்தைத் தொலைபேசியில் பேசினால் பாதி விளங்குகிறது, மீதி அழுகையில் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள். சின்ன மாமாவின் மனைவி, வள்ளிபுனத்து மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மாமா மரண சாசனம் எழுதவில்லை. வீடு முழுக்கத் தேடினோம், வங்கியிலும் கேட்டோம். சாசனம் எழுதாதவரின் சொத்து யாருக்குச் சேரும் என்பதை இங்கே 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. மனைவி, பிள்ளைகள், தாய் தகப்பன் எவரும் இல்லையென்றால் கூடப்பிறந்தவர்களுக்கு. ஆகவே உங்களுக்குப் பாதி, சின்ன மாமாவுக்குப் பாதி. கூடப்பிறந்தவர் முன்னரே இறந்திருந்தால் அவருடைய பங்கு அவரின் பிள்ளைகளுக்குப் போகும். எல்லாச் சிக்கலும் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

மற்ற வேலைகள் மெதுவாக என்றாலும் நடக்கின்றன. நீங்கள் நொத்தாரிசு முன் ஒப்பமிட்டு அனுப்பிய அற்றோணித் தத்துவத்தை (உங்களுக்காக நான் செயற்படும் அதிகாரப் பத்திரத்தை) வைத்து, மாமாவின் சொத்தை நிர்வகிக்கும் பத்திரம் எடுத்தாகிவிட்டது. இறந்தவரின் சொத்தில் 325,000 பவுணுக்கு மேற்பட்ட தொகைக்கு 40 வீதம் வரி. வீட்டுக்குரிய வரியைத் தவணையில் கட்டலாம். மாமாவிடம் யாருக்காவது கடன் வரவேண்டியிருக்கிறதா என்று லண்டன் வர்த்தமானியில் அறிவித்தல் போட்டு, இரண்டு மாதம் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. மாமா ஒருவரிடமும் கைநீட்டாத மனிதர்.

இனிச் சின்ன மாமாவின் பாதி. அவரைப் பற்றிய மரணச் சான்றிதழை எடுத்துத் தந்தால் பங்கைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிக் கோவையை மூடிவிடலாம் என்று சொலிசிட்டர் போன கிழமை எழுதியிருக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தாளைப் பார்த்து வேலை செய்கிறவர். ஆனால் அந்தக் கடிதத்தை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. 2009 மே மாதம், போர் முடிந்தபோது, வட்டுவாகலில் மாமி தன் கையாலேயே இராணுவத்திடம் கையளித்த மனிதர் சின்ன மாமா. நடந்து போனவரை, எந்தத் திகதியில், எந்த இடத்தில் இறந்தார் என்று அந்தப் படிவத்தில் நிரப்புவது? கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் போய்க் குந்தியிருந்த மாமி, லண்டன் காசுக்காக அந்தக் கேள்விக்குத் தானே பதில் எழுத வேண்டுமா?

வேண்டாம் அம்மா. அப்படி ஒரு கையெழுத்து எங்கள் குடும்பத்துக்குத் தேவையில்லை என்று சொலிசிட்டருக்கு எழுதிவிட்டேன். வேறு வழிகளும் இருக்கின்றன, கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்று, காணாமல் போன உரித்தாளருக்காக ஒரு காப்புறுதி எடுத்துவிட்டுப் பங்கைப் பிரிப்பது. நாளை சின்ன மாமா வந்து நின்றால் அவருடைய பங்கைக் காப்புறுதி கொடுக்கும். மற்றது, நீதிமன்றத்தில் கட்டளை பெறுவது. 1902ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின் அடிப்படையில் இன்றும் கொடுக்கிறார்கள். அந்தக் கட்டளை பங்கைப் பிரிக்க அனுமதி தருமே தவிர, ஆளை இறந்தவராக அறிவிக்காது. வந்தால் அவருடைய உரிமை அவருக்கே. இந்த வார்த்தையை மாமிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டுங்கள்.

இலங்கையிலும் 2016இல் வந்த சட்டத்தின்படி, இறந்தார் என்று எழுதாமல், காணவில்லை என்று மட்டும் பதியும் சான்றிதழ் எடுக்கலாம். அதுவும் மாமிக்கு விருப்பமிருந்தால் மட்டும். சொந்தக்காரர் யாரும் போய் வற்புறுத்தக் கூடாது, பெரியவர்கள் என்றாலும்.

காப்புறுதி, நீதிமன்றக் கட்டளை என்ற இரண்டு வழிக்கும் இங்கே கேட்பது ஒன்றைத்தான்: எப்படியெல்லாம் தேடினீர்கள் என்று காட்டுங்கள். மாமியின் அந்த நீலப் பொலித்தீன் பை நினைவிருக்கிறதா? நான் வந்திருந்தபோது பாயில் கொட்டிக் காட்டினார். படிகள் ஏறி இறங்கிய இடமெல்லாம் கொடுத்த பற்றுச்சீட்டுகள், பதிவு இலக்கம் எழுதிய துண்டுகள், ஓரம் பிரிந்த லமினேட்டுக்குள் சின்ன மாமாவின் படம். பதில் கிடைக்காத தாள்கள் என்று நாங்கள் பெருமூச்சு விட்டோம். இங்கே அவைதான் ஆதாரம். மாமாவின் மேசை லாச்சியிலும் ஒரு கட்டு இருந்தது. தம்பியைத் தேடித் தரும்படி செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அவர் எழுதிய கடிதங்களின் பிரதிகள். ஒருவருக்கும் சொல்லாமல் தேடியிருக்கிறார். உங்களிடம்கூடச் சொன்னதில்லையே.

உங்கள் பாதியை முதலில் பிரித்து அனுப்பலாமாம். வீடு விற்று முடியட்டும். அதுவரை இந்தக் காசை நம்பி நுண்கடன்காரரின் தாளில் ஒப்பம் வைத்துவிடாதீர்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. கேட்பவர்களுக்கு இன்னும் வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

மாமி சம்மதித்தால் தங்கச்சியை வள்ளிபுனத்துக்கு அனுப்பி, ஒவ்வொரு துண்டையும் முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிலவற்றில் முத்திரை பின்பக்கத்தில் இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்க வேண்டும், செலவை நான் அனுப்புகிறேன். பிரதிகள் போதும். மூலத் தாள்கள் மாமியின் பையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்