லேப்பைத் திட்டி என்ன ஆகப்போகிறது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. ஓய்வு பெற்ற பிறகும் யாராவது கோர் (துளையிட்டு எடுக்கும் பாறை உருளை) பெட்டி பார்க்கக் கூப்பிட்டால் நான் கிளம்பிவிடுகிறேன், வீட்டில் திட்டுதான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பாறைத் தூளை இரண்டு தடவை ஃபயர் அஸே செய்தால், அதாவது உருக்கித் தங்கத்தை அளந்தால், ஒன்று டன்னுக்கு 0.4 கிராம், மற்றது 60 என்று வருகிறதாம், லேப்பில் தூங்குகிறார்கள் என்று கொதித்திருக்கிறாய். லேப்பை விடுடா. 1 மில்லிமீட்டர் தங்க மணி ஒன்று ஏறக்குறைய 10 மில்லிகிராம். டன்னுக்கு 5 கிராம் தரமுள்ள குவார்ட்ஸ் நரம்பில் தங்கமெல்லாம் அப்படிப்பட்ட மணிகளாகவே இருந்தால் 2 கிலோ பாறைக்கு ஒரு மணிதான் தேறும். லேப்பில் உருக்கும் மூசையில் போடுவதோ வெறும் 30 கிராம் தூள். அறுபது எழுபது மூசைக்கு ஒன்றில் மணி விழும், விழுந்தால் டன்னுக்கு 300 கிராமுக்கு மேல் காட்டும், மற்றதெல்லாம் வெறுமை. நீ கொடுத்ததை அவர்கள் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள்.

நன்றாக அரைத்தால் போயிற்று என்பாய். குவார்ட்ஸ் நொறுங்கும், தங்கம் நசுங்கித் தகடாகும், கொஞ்சம் அரைவைக் கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த சாம்பிளில் போய்ச் சேரும். நடுவில் வெறும் குவார்ட்ஸை அரைக்கச் சொல், அதையும் அஸே பண்ணச் சொல். அப்புறம் ஸ்கிரீன் ஃபயர் அஸே கேள்: 1 கிலோ தூளை 106 மைக்ரான் சல்லடையில் சலித்து, மேலே நின்றதை முழுசாக உருக்கி, கீழே போனதில் இரண்டு பங்கு பார்த்து, எடைக்கு ஏற்பக் கூட்டுவார்கள்.

ஆனால் பெரிய ஓட்டை அதற்கும் முன்னால், கோரைப் பாதியாக அறுக்கும் இடத்தில் இருக்கிறது. அந்த 2 கிலோ பாதியில் சராசரியாக ஒரு மணி என்றால், மூன்றில் ஒன்றுக்கு மேல் மணியே இல்லாமல்தான் போகும். போதாக்குறைக்கு, தங்கம் பளிச்சென்று தெரிகிற பாதியைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளும் கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்! அறுக்கும் கோட்டை முதலிலேயே போட்டுவிட்டு எப்போதும் ஒரே பக்கத்தை அனுப்பு, முடிந்தால் முழுக் கோரையும் நசுக்கிவிடு. சாம்பிள் எடுப்பதில் வரும் பிழைக்குக் கணக்கு வகுத்த பியர் ஜீயின் (Pierre Gy) சூத்திரம் நினைவிருக்கிறதா? துகள் இரண்டு மடங்கானால், அதே பிழைக்குள் நிற்க எட்டு மடங்கு எடை வேண்டும்.

உச்சத் தரங்களை வெட்டலாமா, அதாவது 60 மாதிரி எண்களைக் கணக்கில் ஒரு வரம்புக்குக் குறைத்துவிடலாமா என்று கேட்டாய். வெட்டினால் நல்ல நரம்பும் ஏழையாகத் தெரியும், விட்டால் ஒரு துளையில் வந்த 60, கணக்கில் பக்கத்துப் பாறைக் கட்டங்களையெல்லாம் பணக்காரனாக்கிவிடும். என்னைக் கேட்டால், நரம்பின் போக்கையும் தடிமனையும் துளையில் பார், தரத்தைச் சுரங்கத்தில் டன் கணக்கில் வெட்டியெடுத்து ஆலையில் ஓட்டிப் பார். செலவுதான், முதலாளி முகம் சுளிப்பார்.

டூப்ளிகேட் (இரண்டாம் தடவை அளந்த) அட்டவணையை அனுப்பு, பாதிக் கோர் ஜோடிகளைத் தனியாகப் பிரித்து.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்